உப்பில்லாத கடல்

நாகர்கோவிலில் மாலத்தீவு என்றால் யாருக்கும் தேனிலவு ஞாபகம் வராது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்று நாலு பேரிடம் விசாரித்தால், அதில் ஒருத்தருக்காவது மைனியோ சித்தி மகளோ அங்கே நர்ஸாகவோ டீச்சராகவோ இருப்பாள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே. சென்னைக்கு ரயிலில் போவதற்கு ஒரு ராத்திரி முழுக்க வேண்டும். அதனாலேயோ என்னவோ, வளைகுடாவுக்குப் போய்வந்தவர்கள் மாலத்தீவை வெளிநாடு என்றே ஒப்புக்கொள்வதில்லை. "அங்கயா? பக்கத்துலதான?" என்று விட்டுவிடுவார்கள்.

2006இல் நானும் அந்தப் 'பக்கத்தில்' போனேன். ஏன் போனாய் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லிவந்திருக்கிறேன். அண்ணனிடம் சம்பளம் என்றேன். பிற்பாடு வேலை கேட்டுப்போன இடங்களில் அனுபவம் என்றேன். அதிகம் பழக்கமில்லாதவர்களிடம் எனக்குக் கடல் பிடிக்கும் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். எல்லாமே போன பிறகு தேடிப் பிடித்த காரணங்கள். முடிவெடுத்த நேரத்தில் இவற்றில் ஒன்றுகூட என் தலையில் இல்லை.

அப்போது ஊரில் ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மாதிரிப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லாமலே புரியும். சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் பூட்டிவைத்துக்கொள்வார்கள். மே மாதம் சம்பளம் கிடையாது. அந்த வருடம் ஏப்ரல் கடைசியில் மே சம்பளத்தைப் பற்றிக் கேட்டேன். "இஷ்டம் இல்லேன்னா நின்னுக்கலாம் டீச்சர்" என்றார் கரஸ்பாண்டென்ட். அப்படியானால் சர்டிபிகேட்டைக் கொடுங்கள் என்றேன். இதை அவர் எதிர்பார்க்கவில்லை. நானும்தான். கிளார்க் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுக்க, பச்சை ஃபைலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஃபைல் பையை விட்டு இறங்குவதற்குள், கூட வேலை பார்த்த சயின்ஸ் டீச்சர் போன் செய்தாள். மாலத்தீவு வேலைக்குத் திருவனந்தபுரத்தில் இன்டர்வியூ, அப்பாவுக்கு முடியவில்லை, துணைக்கு வருவாயா என்றாள். சும்மா இருக்கிறவள்தானே, போனேன். தம்பானூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். மாடிப்படியில் உட்கார இடமில்லை. பி.எட். முடித்த பெண்கள், மடியில் ஃபைல், பக்கத்தில் அப்பா அல்லது புருஷன். ஒரு பையன் மேலேயிருந்து ஃபார்ம் கொடுத்துக்கொண்டே இறங்கிவந்தான். எங்கள் இருவரையும் பார்த்து இரண்டு ஃபார்மை நீட்டினான். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், கை வாங்கிவிட்டது. பேனா இருந்தது. சர்டிபிகேட் இருந்தது. வரிசை நகர்வதற்கு நேரம் இருந்தது. நிரப்பினேன்.

உள்ளே மாலத்தீவுக்காரர் ஒருவரும் ஏஜென்ட்டும். எட்டாம் வகுப்புக்கு நடத்துவதுபோல் பிரசென்ட் பெர்ஃபெக்ட் நடத்திக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். "நீங்கள் போகிற தீவைச் சுற்றி நடக்க அரை மணி நேரம்கூட ஆகாது. இருந்துவிடுவீர்களா?" என்று கேட்டார் மாலத்தீவுக்காரர். "இப்போது ஸ்கூலுக்குப் போகவே பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஆகிறது சார்" என்றேன். அவர் சிரித்து, எதையோ எழுதினார். சம்பளம் ஊரில் வாங்கியதைப் போல் நாலு மடங்கு.

இரண்டு பேருக்குமே வேலை கிடைத்தது. சயின்ஸ் டீச்சர் வீட்டில் பெரியப்பா, மாமா எல்லோரும் கூடி உட்கார்ந்து யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். யோசித்தால் அந்த முடிவுதான் வரும்.

எங்கள் வீட்டில் யோசனைக்கு நான் இடம் கொடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துதான் சொன்னேன். அம்மை அடுப்படியிலிருந்து அப்படியே வெளியே வந்தாள். "ஏட்டி, கல்யாணம் பாக்கப் போனவ தாலியக் கெட்டிட்டு வந்து நிக்க மாதிரில்லா இருக்கு!" அப்பா நாகர்கோவில் - திருவனந்தபுரம் ரூட்டில் வருஷக்கணக்காகக் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ராணித்தோட்டம் டெப்போவில் அவருக்குத் தெரியாத ஆளில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நானும் திருவனந்தபுரம் வரைக்கும் தெனமும் போயிருக்கேன். இவ அதத் தாண்டிக் கொஞ்சம் போறா, அவ்வளவுதான?" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. அம்மைதான் அந்த வாக்கியத்தைப் பல நாள் அவருக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லிக் காட்டினாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு நட்சத்திரம் மூலம். ஜாதகம் போகும், திரும்பி வரும். பெண் மூலம் நிர்மூலம் என்று யாரோ எதுகைக்காகக் கட்டிவிட்டுப்போன பழமொழி. மாமனாருக்கு ஆகாது என்று அதற்கொரு வியாக்கியானம் வேறு. மாமனார் ஏற்கெனவே தவறிப்போன வீடாகப் பார்க்கலாம் என்று தரகர் ஒருவர் வழி சொன்னார். அம்மை அதையும் பொருட்டாக எடுத்து விசாரித்தாள். இதிலிருந்து தப்பிக்கத்தான் நான் ஓடினேன் என்று உறவில் சிலர் இன்றைக்கும் சொல்வதுண்டு. இருக்கலாம். அந்த மாடிப்படியில் எனக்கு மூலமும் ஞாபகமில்லை, மாமனாரும் ஞாபகமில்லை. கரஸ்பாண்டென்ட்டின் முகம் கொஞ்சம் இருந்தது.

வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோகக் கூடாது, கஸ்டம்ஸில் பிடித்துவைத்துக்கொள்வார்கள் என்று ஏஜென்ட் முதலிலேயே எச்சரித்திருந்தார். மது, பன்றி இறைச்சியோடு அதுவும் தடைப் பட்டியலில் இருக்கிறது. அம்மை வெண்கலப் பிள்ளையாரைத் துணியில் சுற்றி எடுத்து, மறுபடி அலமாரியில் வைத்தாள். பிறகு, "மண்ணு கொண்டுபோலாமாட்டி?" என்றாள். நாகராஜா கோயிலில் பிரசாதமாகத் தருவது கருவறை மண். அதைப் பற்றி ஏஜென்ட் ஒன்றும் சொல்லவில்லையே. பொட்டலம் கட்டி, ஊறுகாய் பாட்டிலுக்கும் குக்கருக்கும் நடுவில் செருகினாள். மாலே விமான நிலையத்தில் அதிகாரி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார், விரலால் தொட்டுப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "என்ன இது?" "மண்." "மண்ணா?" "எங்கள் ஊர் மண்." அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெட்டியை மூடச் சொன்னார். அந்த மண் கடைசிவரை என் தலையணைக்கு அடியில் இருந்தது.

பெரிய துணிச்சல் ஒன்றைச் செய்துவிட்டதாக எனக்கு இருந்த நினைப்பு விமானத்திலேயே கரைந்துவிட்டது. பார்த்தால், என்னைப் போலவே மடியில் பிளாஸ்டிக் ஃபைலோடு பல பேர். திருவனந்தபுரம், கொல்லம், மார்த்தாண்டம். பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு அது மூன்றாவது வருடம்; ஜன்னலைப் பார்க்காமல் தூங்கிக்கொண்டு வந்தாள். 1960களில் மாலேயில் ஆங்கில வழிக் கல்வி தொடங்கியபோது இலங்கையிலிருந்து ஆசிரியர்கள் போயிருக்கிறார்கள். பிறகு தீவு தீவாகப் பள்ளிகள் பெருகப் பெருக, இஸ்லாமும் திவேஹி மொழியும் உள்ளூர் ஆசிரியர்களுக்கு, மற்ற பாடங்கள் பெரும்பாலும் வெளியாட்களுக்கு என்று ஆனது. ஏறத்தாழ 1,200 தீவுகள், ஆள் வாழ்வது 200 வாக்கில். அத்தனைக்கும் கணக்கும் ஆங்கிலமும் எடுக்க அன்றைக்கு உள்ளூரில் ஆள் போதவில்லை. எங்கள் பக்கத்திலோ பி.எட். முடித்து மே மாதச் சம்பளம் இல்லாமல் இருந்தவர்கள் ஏராளம். நான் யோசிக்காமல் செய்த காரியம் எனக்காக முன்பே யோசித்து வைக்கப்பட்டிருந்தது என்று சொல்லலாம். ஃபார்ம் கொடுத்த பையனுக்கு என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கிறது.

என்னைப் போட்டிருந்தது வடகோடியிலிருக்கும் ஹா அலிஃப் பவளத்தீவுக் கூட்டத்தில். மாலேயிலிருந்து சின்ன விமானத்தில் ஹனிமாதூ, அங்கிருந்து தோணி. அதற்கும் வடக்கே கடலைத் தாண்டினால் நம் லட்சத்தீவின் மினிக்காய். அங்கேயும் இதே திவேஹி மொழிதான். போய் இறங்கிய தீவில் கார் இல்லை. வெள்ளைப் பவள மணல் தெருக்கள், பவளக்கல் மதில்கள், சாப்பாட்டு நேரத்தைத் தவிர எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் பவர்ஹவுஸ் ஜெனரேட்டர். சாப்பாட்டு நேரத்திலும் அது ஓடியிருக்க வேண்டும். பசியில் எனக்குக் கேட்காது. வீட்டுக்கு வீடு ஊஞ்சல் கட்டில். கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும். ஊரை விட்டு வந்தது போலவே இல்லை என்று முதல் வாரம் அம்மையிடம் போனில் சொன்னேன். இரண்டாவது வாரம் சொல்லவில்லை.

காரணம் சூரை மீன். எங்கள் ஊரில் நெத்திலி, சாளை, அயிலை என்று நாளுக்கொன்று வாங்குவோம். சூரை என்றால் மூக்கைச் சுளிப்போம். அங்கே காலையில் தேங்காயோடு பிசைந்த சூரை, மதியம் சூரை போட்டுக் காய்ச்சிய தெளிந்த ரசம், சாயங்காலப் பலகாரத்துக்குள் சூரை, அதையே நாள் கணக்கில் சுண்டவைத்து எடுத்த கறுப்புக் குழம்பு. இலங்கைக்காரர்கள் சம்பலில் போடும் மாசி எல்லாம் இந்தச் சூரைதான். "சூரைய யாராச்சும் தெனம் திம்பாளாட்டி?" என்று அம்மை போனில் அழாக்குறையாகக் கேட்டாள். காய்கறி சப்ளை போட் வந்தால்தான். அது வருகிற நாளில் மூன்று டீச்சர்களும் ஜெட்டியில் நிற்போம். நான், கொல்லத்து டீச்சர், பத்தனம்திட்டா டீச்சர். ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை, பொதுவாக ஒரு அடுப்பு. நாகர்கோவில்காரி என்பதால் மலையாளம் எனக்கு ஒரு மாதிரி வரும். ஓணத்துக்கு அவர்களோடு அவியல் வைத்தேன், பொங்கலுக்கு அவர்கள் என்னோடு குக்கரில் பொங்கினார்கள்.

வகுப்புக்கு வருகிறேன். இந்தியாவிலிருந்து புது மிஸ் என்றதும் ஒன்பதாம் வகுப்பு எழுந்து நின்று, உட்காரச் சொல்லும் முன்பே கேட்டது: "மிஸ், ஒரு இந்திப் பாட்டு!" எனக்கு இந்தி தெரியாது என்றேன். வகுப்பே சிரித்தது, விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அங்கே சின்னக் குழந்தைக்குக்கூட ஷாருக் கான் வசனம் தெரியும். படம் பார்த்தே இந்தி கற்றுக்கொண்ட ஊர். உண்மையிலேயே தெரியாது என்று புரிந்ததும், நான் அசல் இந்தியாக்காரிதானா என்று சந்தேகப்பட்டார்கள். கடைசியில் அவர்கள்தான் எனக்கு இந்தி கற்றுக்கொடுத்தார்கள். இன்றைக்கு எனக்குத் தெரிந்த நாலு இந்தி வாக்கியமும் அரபிக்கடலில் கற்றவை. சென்னையில் என் அரசியல் நண்பர்களிடம் இதை நான் சொல்வதில்லை.

அந்த வகுப்பில் இன்னொன்று புரிந்தது. நாகர்கோவிலில் நான் ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். கதையைத் தமிழில் சொல்லி, கேள்வி பதிலை ஆங்கிலத்தில் எழுதிப்போட்டு, மனப்பாடம் செய்யவைத்து, நூற்றுக்கு எண்பது வாங்கவைத்தேன். நல்ல டீச்சர் என்று பெயரும் இருந்தது. இங்கே என் தமிழ் அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் திவேஹி எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலம் மட்டும்தான். ஒரு சொல் புரியவில்லை என்றால் இன்னொரு ஆங்கிலச் சொல்லால்தான் விளக்க வேண்டும், இல்லையென்றால் படம் வரைய வேண்டும், நடித்துக் காட்ட வேண்டும். 'ஸ்னீஸ்' என்பதற்கு நான் தும்மிய தும்மலில் பக்கத்து வகுப்பு சார் எட்டிப்பார்த்தார்.

ஆனால் தும்மலை நடித்துவிடலாம், ஆற்றை எப்படி நடிப்பது? பத்தாம் வகுப்பு முடிவில் கேம்பிரிட்ஜ் ஓ-லெவல் தேர்வு. அதன் பயிற்சிப் பத்திகளில் மலையேற்றம், ரயில் பயணம், ஆற்றில் படகு, பனிச்சறுக்கு. இந்த நாட்டில் மிக உயரமான இயற்கை மேடே இரண்டரை மீட்டரைத் தொடாது. ஆறு கிடையாது, ரயில் கிடையாது. போர்டில் மலையை வரைந்தேன், எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரிகிற தாடகை மலையை நினைத்து. அதிலிருந்து வளைந்து இறங்கும் கோடு. "இது ஆறு. நல்ல தண்ணீர். ஓடிக்கொண்டே இருக்கும்."

"உப்பில்லாத கடலா, மிஸ்?" என்றாள் முன்வரிசைப் பெண்.

"கிட்டத்தட்ட."

"ஒரே பக்கமாகத்தான் ஓடுமா? திரும்பி வராதா?" அவள் அப்பா மீன்பிடித் தோணிக்காரர். ஏற்ற வற்றத்தில் நீரோட்டம் திசை மாறுவதைப் பார்த்து வளர்ந்தவள்.

"திரும்பி வராது. சில வருஷம் தண்ணீரே இருக்காது. மணல்தான் இருக்கும்."

"தண்ணீர் இல்லாவிட்டாலும் அதற்கு ஆறு என்றுதான் பெயரா?"

எங்கள் ஊர்ப் பழையாற்றை நினைத்துக்கொண்டு ஆமாம் என்றேன். அவள் அதை நோட்டில் குறித்துக்கொண்டாள்; என்ன குறித்தாள் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ரயிலைப் பற்றி நடத்திய அன்றைக்குப் பின் பெஞ்சுப் பையன் ஒருவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதிலே இல்லை. எதிரே இன்னொரு ரயில் வந்தால் இது எந்தப் பக்கம் விலகும் என்றான். விலகாது என்றேன். விலக முடியாத வண்டியில் மனிதர்கள் எப்படி ஏறுகிறார்கள் என்று வகுப்பே வியந்தது. பிறந்ததிலிருந்து ரயிலைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இது தோன்றியதில்லை.

கட்டுரைப் பயிற்சிக்கு 'மறக்க முடியாத ஒரு நாள்' என்று வழக்கமான தலைப்பைக் கொடுத்துவிட்டேன். அநேகமாக எல்லோரும் ஒரே நாளை எழுதியிருந்தார்கள்: 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். வடக்கே அந்தப் பகுதியில் சாவு குறைவு. நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போயிருந்தார்கள். அலை என்று யாரும் எழுதவில்லை. கடல் எழுந்தது, தெருவுக்குள் வந்தது, மறுபக்கக் கடலில் போய் விழுந்தது, கோழிகளும் அலுமினியப் பாத்திரங்களும் அதோடு போயின. இப்படித்தான் எழுதியிருந்தார்கள். ஓடுவதற்கு மேடு கிடையாது என்று ஒரு பையன் ஒரே வரியில் முடித்திருந்தான். கிணறுகள் உப்பாகிப் போனதும், அதற்குப் பின் வெளிநாட்டு உதவியில் மழைநீர்த் தொட்டிகள் வந்ததும் நிறையப் பேர் எழுதிய இரண்டாம் பத்தி. நாங்கள் குடித்த தண்ணீர் அந்தத் தொட்டியிலிருந்து வந்ததுதான்.

எங்கள் பக்கத்துக் குளச்சல், கொட்டில்பாடு, அடித்துக்கொண்டுபோன மணக்குடிப் பாலம் எல்லாம் எனக்கும் இருந்தன. அன்றைக்கு எங்கள் பள்ளி முகாமாக இருந்தது. நான் கஞ்சி ஊற்றியவள். திருத்திய நோட்டுகளைக் கொடுக்கும்போது அதைச் சொன்னேன். அதே நாளா, அதே கடலா என்று கேட்டார்கள். நேரம் கொஞ்சம் முன்பின் இருக்கும், அதே அலை என்றேன். அதற்குப் பிறகு இலக்கணப் பிழைகளுக்குச் சிவப்பு மை போட்டதைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் தேர்வில் அதற்குத்தான் மதிப்பெண் கழிப்பார்கள். விளக்கினேன்.

நவம்பர் 3 அங்கே வெற்றி நாள். முந்தின நாள் அசெம்பிளியில் பிரின்சிபால் பேசினார், திவேஹியில். பேச்சுக்கு நடுவே 'தமிழ்' என்று கேட்டதும் நிமிர்ந்தேன். பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டது: 1988இல் அப்துல்லா லுத்துஃபி என்ற மாலத்தீவுக்காரர், இலங்கையின் புளொட் இயக்கத்து ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி மாலேயைப் பிடிக்கப் பார்த்தார். படகில் வந்து இறங்கினார்கள். அதிபர் கயூம் இந்தியாவிடம் உதவி கேட்க, அன்றிரவே ஆக்ராவிலிருந்து பாராசூட் படை ஹுலுலே விமான நிலையத்தில் வந்து இறங்கியது. 19 பேர் இறந்தார்கள். இதெல்லாம் ஊரில் எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம். எங்கள் பக்கத்தில் இலங்கைத் தமிழர் என்றால் ஒரு கதைதான் கேட்டு வளர்ந்திருந்தேன். அந்தக் கதைக்கு இப்படி ஒரு வால் இருப்பது தெரியாது. காப்பாற்ற வந்தது என் நாடு, சுட வந்தது என் மொழி பேசுகிறவர்கள். எதற்குப் பொறுப்பேற்பது, எதற்குப் பெருமைப்படுவது என்று தெரியாமல் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தேன்.

வகுப்பில் அந்த ரயில் பையன் கேட்டான்: "மிஸ், நீங்கள் தமிழா?"

"ஆமாம்."

அவன் சற்று யோசித்தான். "ஃபார்மல் லெட்டரில் முகவரி இடது பக்கமா, வலது பக்கமா?"

வீட்டுக்கார முதியவர் பழைய மீன்காரர். கம்பிச் சட்டத்தில் கயிறு பின்னிய நாற்காலியில் சாய்ந்துகொண்டு சாயங்காலம் முழுக்க வானத்தைப் பார்ப்பார். டிசம்பரில் ஒருநாள் காற்று சட்டென்று வடக்கிலிருந்து அடித்தது. உலர்த்தியிருந்த சேலை தென்னைமேல் போய் விழுந்தது. மகன் மொழிபெயர்க்க, அவர் சொன்னார்: "இது மூலா." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாலத்தீவு மீனவர்கள் வருடத்தை 27ஆகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் 13 அல்லது 14 நாள். எப்போது மழை, எப்போது மீன், எப்போது கரையில் இருப்பது எல்லாம் அந்தக் கணக்கு. பெயர்களைச் சொல்லச் சொன்னேன். கெத்தி, ரோனு, புனர்பூசத்துக்கு ஃபுனோஸ், பூசத்துக்கு ஃபுஸ், மகத்துக்கு மா. நம் 27 நட்சத்திரங்களும் வரிசை மாறாமல் வந்தன. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக முஸ்லிம் நாடு. பஞ்சாங்கத்தின் சாமியை எல்லாம் விட்டுவிட்டுக் காற்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். டிசம்பர் 10 வாக்கில் வருகிற மூலாவில்தான் வடகிழக்குப் பருவம் பிறக்கிறது. முதலில் சில நாள் காற்று மிரட்டும், பிறகு மாதக்கணக்கில் வெயிலும் அடங்கிய கடலும் என்றார்.

அன்றிரவே கார்டு வாங்கி வீட்டுக்குப் போன் செய்தேன். "அம்மா, இங்க மூலத்துலதான் நல்ல காலமே பிறக்குதாம்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அவரு கடலுக்குச் சொன்னாரா, கல்யாணத்துக்குச் சொன்னாரா?"

"கடலுக்குத்தான்."

"அப்போ வை. ரூவா போவுது."

2008 வரை இருந்தேன். அது அங்கே பெரிய வருடம். முப்பது ஆண்டுகள் அதிபராக இருந்த கயூமை எதிர்த்து முதன்முதலாகப் பல கட்சிகள் நின்ற தேர்தல். தெருவில் ஒரு மதில் மஞ்சள், அடுத்த மதில் நீலம். டீக்கடைகள்கூட இரண்டாகப் பிரிந்தன. எந்தக் கடையில் பஜியா வாங்கினாலும் அடுத்த நாள் மற்ற கடைக்காரர் முகம் கொடுக்கவில்லை. அக்டோபர் கடைசியில், கயூமை எதிர்த்து நின்ற நஷீத் வென்றார். பத்தாம் வகுப்புக்கு அதே சமயம் தேர்வு. எதைப் பற்றி விவாதம் வைத்தாலும் மஞ்சளும் நீலமும் வந்துவிடும் என்பதால், 'நாய் நல்லதா, பூனை நல்லதா' என்று தலைப்புக் கொடுத்தேன். அங்கே நாய் கிடையாது, கொண்டுவரவே தடை. அப்படியும் நாய்க்காக ஆவேசமாகப் பேச ஆள் இருந்தது. அந்த வருடத் தேர்வு முடிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வந்துவிட்டேன். அப்பாவுக்கு முடியாமல் இருந்தது. அது காரணம், இதற்கு மட்டும் என்னிடம் முதலிலேயே காரணம் இருந்தது.

ஆற்றைப் பற்றிக் கேட்ட பெண் இப்போது அதே தீவுக் கூட்டத்தில் ஆங்கில ஆசிரியை. ஃபேஸ்புக்கில் கண்டுபிடித்தாள். படித்தது மாலேயில். ஒருமுறை தாயை வைத்தியத்துக்காகத் திருவனந்தபுரம் அழைத்து வந்தபோது, ரயிலில் நாகர்கோவில் வந்தாள். அவளைப் பழையாற்றுப் பாலத்தில் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினேன். ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. கீழே பிளாஸ்டிக். நிறைய நேரம் பார்த்தாள். "மிஸ், நீங்கள் வரைந்தது இதைவிட நன்றாக இருந்தது" என்றாள்.

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் போன மாதம் வந்திருந்தாள். எம்.ஏ., பி.எட். ஏதோ ஒரு தீவில் வேலை கிடைத்திருக்கிறதாம், நாளைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "போலாமா அக்கா? ஒண்ணுமே யோசிக்காம ஃபார்ம் போட்டுட்டேன்." பக்கத்தில் அவள் அம்மா, நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பவளத்தீவுக் கூட்டம், ஜனத்தொகை எவ்வளவு, அறைவாடகை அவர்கள் கொடுக்கிறார்களா, திரும்பி வருகிற டிக்கெட் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துப் பார்த்தேன். டிக்கெட் இருந்தது, வாடகை தெளிவாக இல்லை. எழுதி வாங்கச் சொன்னேன். ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஏஜென்ட்டிடம் விட்டுவிடாதே, அட்டெஸ்ட் செய்த நகல் போதும் என்றேன்.

"வேற என்ன எடுத்துட்டுப் போவணும் அக்கா?"

"குக்கர் காஸ்கட் ரெண்டு. அங்க அந்த சைஸ் கெடைக்காது."